கால்குலேட்டர் வாங்கப் போறீங்களா? பில் போடுவதற்கு முன் இதைப் படிச்சிட்டுப் போங்க!

இன்ஜினீயரிங் கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடை. வகுப்புகள் தொடங்கும் வாரம். கடைக்குள் நிற்க இடமில்லை. டிராஃப்டர், லேப் கோட், ரெக்கார்டு நோட் என்று எல்லாவற்றையும் வாங்கி முடித்த ஓர் அப்பா, கையில் மடித்து வைத்திருந்த சீட்டைப் பிரித்துக் கடைசி வரியைப் படிக்கிறார். ``அப்புறம் சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒண்ணு...''

கடைக்காரர் மூன்று டப்பாக்களை எடுத்து மேஜையில் வைக்கிறார். ``என்னம்மா, இதுல எது வேணும்?''

மகள் மூன்றையும் மாறி மாறிப் பார்க்கிறாள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. விலை மட்டும் வேறு வேறு. ``தெரியலப்பா...''

``எது நல்லதோ அதைக் கொடுங்க'' என்கிறார் அப்பா. ஏற்கெனவே ஹாஸ்டல் கட்டணம், பஸ் கட்டணம், புத்தகம் என்று செலவு எகிறிக்கொண்டிருக்கும் நேரம் அது. `நல்லது' என்றால் எது, விலை அதிகமானதா, சீனியர் சொன்னதா, கடைக்காரர் கை காட்டுவதா?

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தமிழ்நாட்டில் பல கடைகளில் பார்க்கக்கூடிய காட்சி இது. சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால், அடுத்த நான்கு வருடங்களுக்கு ஒவ்வொரு செமஸ்டரிலும் தேர்வு அறைக்குள் கூடவே வரப்போகும் பொருள் அது. தவறான மாடலை வாங்கினால் பணம் வீண். சரியான மாடலை வாங்கி, பயன்படுத்தத் தெரியாமல் போனால் மார்க் வீண்!

பிளஸ் டூ வரை கிடையாது... கல்லூரியில் கட்டாயம்!

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. நம் ஊரில் பிளஸ் டூ பொதுத்தேர்வில் கணிதம், இயற்பியல் கணக்குகளைக் கையால்தான் போட வேண்டும். லாகரிதம் அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, பெருக்கலைக் கூட்டலாக மாற்றி விடை கண்டுபிடிக்கும் முறையில்தான் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். அப்பா, சித்தப்பா தலைமுறையில் பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் படித்தவர்களிடம் கேட்டால் `கிளார்க்ஸ் டேபிள்' என்ற அந்தச் சின்னப் புத்தகத்தைப் பற்றி ஒரு கதையே சொல்வார்கள்.

ஆக, கல்லூரிக்கு வரும் பெரும்பாலான மாணவர்களுக்கு முதல் சயின்டிஃபிக் கால்குலேட்டர் கைக்கு வருவதே 17, 18 வயதில்தான். அதைப் பயன்படுத்தத் தனி வகுப்பு கிடையாது. `எல்லோருக்கும் தெரியும்' என்ற எண்ணத்தில் முதல் செமஸ்டர் கணக்குகள் ஓட ஆரம்பித்துவிடும். வீட்டில் அண்ணனோ அக்காவோ இன்ஜினீயரிங் படித்திருந்தால் சொல்லிக்கொடுப்பார்கள். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவர்களுக்கு? பக்கத்து பெஞ்ச்தான் கதி. அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தக் கட்டுரை.

கிராஃபிங் கால்குலேட்டர் வேண்டுமா?

யூடியூபில் வெளிநாட்டு மாணவர்களின் வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான். பெரிய திரை, அதில் வண்ண வண்ணக் கோடுகளாக வரைபடம். `நமக்கும் அதுதானே வேண்டும்?'

இந்த இடத்தில் ஒரு குட்டி வரலாறு. 1957-ல் ஜப்பானில் கேசியோ நிறுவனம் வெளியிட்ட முதல் கால்குலேட்டரான `14-ஏ', ஒரு மேஜை அளவு இருந்தது. எடை 140 கிலோ. 1972-ல் அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்டு, `ஹெச்பி-35' என்ற மாடலைக் கொண்டுவந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் முதல் சயின்டிஃபிக் கால்குலேட்டர் அது. சைன், காஸ், லாக் எல்லாம் ஒரே பட்டனில். அன்றைய விலை 395 டாலர். இன்ஜினீயர்கள் கையில் இருந்த `ஸ்லைடு ரூல்' அதோடு மறைய ஆரம்பித்தது. 1985-ல் கேசியோவின் `எஃப்எக்ஸ்-7000ஜி' வந்தது. உலகின் முதல் கிராஃபிங் கால்குலேட்டர்!

சயின்டிஃபிக் கால்குலேட்டர் விடையை எண்ணாகக் காட்டும். கிராஃபிங் கால்குலேட்டர் சமன்பாட்டைக் கோடாக வரைந்தும் காட்டும். கூடவே, அதில் புரோகிராம் எழுதிச் சேமிக்கலாம். சிக்கலே இந்த இடத்தில்தான். புரோகிராம் எழுத முடியும் என்றால் சூத்திரங்களையும் எழுதி ஒளித்து வைக்கலாம் இல்லையா? அதனால்தான் நம் ஊர்ப் பல்கலைக்கழகத் தேர்வுகளில் பொதுவாக, புரோகிராம் செய்ய முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டரை மட்டுமே அனுமதிக்கிறார்கள்.

எனவே, தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங், பாலிடெக்னிக், பி.எஸ்ஸி படிக்கப்போகிறவர்கள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கத் தேவையில்லை. தேர்வு அறை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வரைபடம் பார்க்கும் வசதி இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மூன்று டப்பாவில் எதை எடுப்பது?

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது கேசியோ மாடல்கள்தான். பெயரில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் கவனித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எஃப்எக்ஸ்-82 எம்எஸ்: விலை குறைவு. 240 செயல்பாடுகள். சைன், லாக், அடுக்கு, புள்ளியியல் எல்லாம் இருக்கும். ஆனால் சமன்பாடு தீர்க்கும் வசதி, மேட்ரிக்ஸ், கலப்பெண், தொகையீடு எதுவும் கிடையாது. பி.எஸ்ஸி வேதியியல், தாவரவியல், பி.காம் புள்ளியியல் போன்ற படிப்புகளுக்கு இது போதும். இன்ஜினீயரிங் மாணவர்கள் இதை வாங்கினால், இரண்டாவது செமஸ்டரில் இன்னொன்று வாங்க வேண்டிவரும்.

எஃப்எக்ஸ்-991 எம்எஸ்: `நைன் நைன்ட்டி ஒன்' என்று தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் மாணவர்கள் செல்லமாகச் சொல்வது இதைத்தான். 401 செயல்பாடுகள். இரண்டு, மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகள், இருபடி, முப்படிச் சமன்பாடுகள், 3 × 3 வரையிலான மேட்ரிக்ஸ், வெக்டர், கலப்பெண், பைனரி, தொகையீடு... அத்தனையும் இருக்கும். ஒளியின் வேகம், பிளாங்க் மாறிலி என 40 அறிவியல் மாறிலிகளும் உள்ளேயே உண்டு. பெரும்பாலான சீனியர்கள் கையில் இருப்பது இதுதான் என்பதால், சந்தேகம் வந்தால் சொல்லித்தர ஆள் கிடைக்கும். இது சின்ன விஷயமில்லை!

எஃப்எக்ஸ்-991 இஎஸ் பிளஸ்: 417 செயல்பாடுகள். முக்கியமான வித்தியாசம் திரை. பின்னத்தை மேலும் கீழுமாக, வர்க்கமூலத்தை அதன் குறியோடு, பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே காட்டும். ரூட் 8 என்று கொடுத்தால், 2.828 என்று மட்டும் சொல்லாமல் 2√2 என்றும் காட்டும். அடைப்புக்குறி போடுவதில் அடிக்கடி தப்பு செய்பவர்களுக்கு இது பெரிய உதவி. என்ன டைப் செய்திருக்கிறோம் என்பது கண்ணுக்கு அப்படியே தெரியும்.

எஃப்எக்ஸ்-991 இஎக்ஸ், எஃப்எக்ஸ்-991 சிடபிள்யூ: `கிளாஸ்விஸ்' வரிசையில் வந்தவை. தெளிவான திரை, 4 × 4 மேட்ரிக்ஸ், நான்காம்படிச் சமன்பாடு, குட்டி ஸ்ப்ரெட்ஷீட் என்று வசதிகள் கூடுதல், விலையும்தான். சிடபிள்யூ மாடலில் மெனு முறையே மாறிவிட்டது. `மோட் அழுத்தி ஒன்று அழுத்து' என்று சீனியர் சொல்லித்தரும் வரிசை இதில் பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இன்ஜினீயரிங் மாணவருக்கு 991 எம்எஸ் அல்லது 991 இஎஸ் பிளஸ் போதும். ஆயிரம் ரூபாயையொட்டிய செலவில் நான்கு வருடம் ஓடிவிடும். வாங்குவதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கல்லூரியின் தேர்வுப் பிரிவிலோ, துறை ஆசிரியரிடமோ `எந்த மாடல் வரை அனுமதி?' என்று கேட்டுவிடுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறக்கூடும்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

அதிகம் விற்கும் பொருளுக்குப் போலியும் அதிகம். டப்பா, எழுத்து, நிறம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். சில மாதங்களில் பட்டன் சிக்க ஆரம்பிக்கும். அல்லது விடை தப்பாக வரும். தேர்வு நாளில் தெரியவந்தால் என்ன ஆவது?

கடையிலேயே இரண்டு நிமிடம் ஒதுக்கி இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

* ஒவ்வொரு பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள். ஒன்று கல்லு மாதிரி, ஒன்று தொளதொள என்று இருந்தால் வேண்டாம்.

* 69 ஃபேக்டோரியல் போட்டுப் பாருங்கள். 1.711224524 × 10⁹⁸ என்று வர வேண்டும். 70 ஃபேக்டோரியல் போட்டால் `மேத் எரர்' வர வேண்டும். அந்த விடை 10¹⁰⁰-ஐத் தாண்டிவிடும். அவ்வளவு பெரிய எண்ணைக் காட்டும் எல்லை இந்த மாடல்களுக்கு இல்லை.

* சமன்பாடு, மேட்ரிக்ஸ் மோடுகளைத் திறந்து பாருங்கள். 991 என்று எழுதியிருந்தும் அவை திறக்கவில்லை என்றால் கதை முடிந்தது.

* டப்பாவிலும், கால்குலேட்டரின் முகப்பிலும், பின்பக்கத்திலும் மாடல் பெயர் ஒன்றாக இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

* பில்லும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். `பில் வேணாம்னா நூறு ரூபாய் குறைச்சுக்கலாம்' என்று சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

மார்க்கைத் தின்னும் ஐந்து தவறுகள்

வாங்கியாச்சு. இனிமேல்தான் விஷயமே!

1. டிகிரியா, ரேடியனா?

முதல் வருட மாணவர்களை அதிகம் அழவைக்கும் தவறு இதுதான். திரையின் மேல்பக்கம் `டி', `ஆர்', `ஜி' என மூன்று எழுத்துகளில் ஒன்று சின்னதாகத் தெரியும். டிகிரி, ரேடியன், கிரேடியன். தேர்வு அறையில் உட்கார்ந்ததும் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி. மைனஸ் 0.988 வந்தால் ரேடியன். 0.4539 வந்தால் கிரேடியன். இந்த ஒரு சோதனை ஐந்து விநாடிதான் எடுக்கும்.

விசை, கோணம், மின்சுற்றுக் கணக்குகளில் கோணம் டிகிரியில் கொடுக்கப்பட்டிருக்கும். அப்போது டிகிரி. தொகையீடு, வகையீடு என்று கால்குலஸ் பக்கம் போனால் ரேடியன். சைன் எக்ஸை 0 முதல் பை வரை தொகையிட்டால் விடை 2. கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் 0.086 என்று சொல்லும். அதில் எரர் எதுவும் காட்டாது. தப்பான விடையையும் அதே நம்பிக்கையோடுதான் காட்டும்!

991 எம்எஸ் மாடலில் மோட் பட்டனை நான்கு முறை அழுத்தினால் இதை மாற்றும் இடம் வரும். இஎஸ் பிளஸ் மாடலில் ஷிஃப்ட், மோட் அழுத்தி, 3 என்றால் டிகிரி, 4 என்றால் ரேடியன்.

2. பத்தின் அடுக்கு

ஒளியின் வேகம் 3 × 10⁸. அலைநீளம் 6 × 10⁻⁷. அதிர்வெண் என்ன? முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். இதைப் பெருக்கல் குறி, 10, அடுக்குக் குறி என்று ஒவ்வொன்றாக டைப் செய்தால் விடை 5 என்று வரும். சரியான விடை 5 × 10¹⁴!

காரணம் எளிது. கால்குலேட்டர் இடமிருந்து வலமாகப் போகிறது. 6-ஆல் மட்டும் வகுத்துவிட்டு, 10⁻⁷-ஆல் பெருக்கிவிடுகிறது. இதற்காகவே கீழ் வரிசையில் `எக்ஸ்ப்' அல்லது `× 10' அடுக்குப் பட்டன் ஒன்று உண்டு. 3 எக்ஸ்ப் 8, வகுத்தல், 6 எக்ஸ்ப் மைனஸ் 7. அவ்வளவுதான். அந்தப் பட்டனுக்குள்ளேயே `பெருக்கல் 10' அடங்கியிருக்கிறது. எனவே எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை 1.6 × 10 எக்ஸ்ப் மைனஸ் 19 என்று அடித்தால், விடை பத்து மடங்கு கூடிவிடும்.

3. அடைப்புக்குறிக் கஞ்சத்தனம்

1 ÷ 2 பை என்று பெருக்கல் குறி இல்லாமல் அடித்தால் 0.159. அதையே 1 ÷ 2 × பை என்று அடித்தால் 1.5708. பக்கத்தில் ஒட்டியிருக்கும் பையை 2-உடன் சேர்த்து ஒரே எண்ணாக எடுத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் இது. மைனஸ் 2-ன் வர்க்கம் கேட்டாலும் இதே கதைதான். அடைப்புக்குறி இல்லாவிட்டால் மைனஸ் 4. போட்டால் 4. வகுத்தலுக்குக் கீழே ஒன்றுக்கு மேல் ஏதாவது இருந்தால் யோசிக்காமல் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள்.

4. பாதியில் வெட்டுவது

1-ஐ 3-ஆல் வகுத்து, 0.33 என்று தாளில் எழுதிக்கொண்டு, அதை 3,000-ஆல் பெருக்கினால் 990. உண்மையான விடை 1,000. ஒவ்வொரு படியிலும் எண்ணை வெட்டி, மறுபடி டைப் செய்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். முந்தைய விடையை அப்படியே தூக்கிவர `ஆன்ஸ்' பட்டன் இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் எண்ணை ஏ, பி, சி என்று எழுத்துகளில் சேமித்தும் வைக்கலாம். தாளில் நான்கு தசமம் எழுதுங்கள். கால்குலேட்டருக்குள் முழு எண்ணும் இருக்கட்டும்.

5. மைனஸ் ஒன்றா, தலைகீழா?

சைன் மேலே மைனஸ் ஒன்று போட்ட பட்டன், கோணத்தைக் கண்டுபிடிக்க. 0.5 கொடுத்தால் 30 டிகிரி வரும். கோசீக் வேண்டுமென்றால் 1-ஐ சைனால் வகுக்க வேண்டும். கோசீக் 30-ன் மதிப்பு 2. இரண்டையும் குழப்பிக்கொண்டால் விடை எங்கேயோ போய்விடும்.

எந்தத் துறைக்கு எந்த மோட்?

கணிதப் பாடம் எல்லாத் துறைக்கும் பொது. 2எக்ஸ் + 3ஒய் = 13, எக்ஸ் − ஒய் = −1 போன்ற ஜோடிச் சமன்பாட்டை, சமன்பாடு மோடில் எண்களை மட்டும் கொடுத்தால் 2, 3 என்று விடை வந்துவிடும். இதை விடை சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். 13 மார்க் கேள்விக்கு வெறும் விடையை எழுதினால் 13 மார்க் கிடைக்காது. வழிமுறைக்குத்தான் மார்க்.

எலெக்ட்ரிக்கல் மாணவர்களுக்குக் கலப்பெண் மோட் உயிர்நாடி. 3 + ஜே4 என்பதை ஒரே மாற்றலில் 5, கோணம் 53.13 டிகிரி என்று காட்டும். ஏ.சி. மின்சுற்றுக் கணக்குகளில் இது மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு பேஸ் மோட். 45 என்று கொடுத்தால் பைனரியில் 101101, ஹெக்ஸில் 2டி.

புள்ளியியலில் ஒரு பொறி இருக்கிறது. 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எண்களின் சராசரி 5. திட்ட விலக்கம்? கால்குலேட்டர் இரண்டு விடை வைத்திருக்கும். ஒன்று 2, இன்னொன்று 2.138. மொத்தத் தொகுதிக்கு முதலாவது, மாதிரிக்கு இரண்டாவது. கேள்வியில் எது கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

சமக்குறியைத் தட்டத் தட்ட விடை!

கால்குலேட்டர் மீது பிரியம் வரவைக்கும் ஒரு வித்தை சொல்லட்டுமா? நியூமரிக்கல் மெத்தட்ஸ் பாடத்தில் `நியூட்டன் ராப்சன்' முறை வரும். எக்ஸ்³ − 2எக்ஸ் − 5 = 0 என்ற சமன்பாடு, ஐசக் நியூட்டனே இந்த வழியில் தீர்த்துக் காட்டிய கணக்கு. விலை குறைந்த 82 எம்எஸ் மாடலிலும் இதைச் செய்யலாம்.

முதலில் 2 என்று அடித்து சமக்குறி தட்டுங்கள். அடுத்து இதை டைப் செய்யுங்கள்:

ஆன்ஸ் − (ஆன்ஸ்³ − 2 × ஆன்ஸ் − 5) ÷ (3 × ஆன்ஸ்² − 2)

இப்போது சமக்குறியை மட்டும் தட்டிக்கொண்டே இருங்கள். முதல் தட்டலில் 2.1. அடுத்து 2.094568. அதற்கடுத்து 2.0945515. இன்னும் தட்டினாலும் எண் நகராது. விடை வந்துவிட்டது! ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிக்கொண்டே போகலாம். அரை மணி நேரக் கணக்கு ஐந்து நிமிடத்தில் முடியும்.

வரைபடம் இலவசம்... உங்கள் போனிலேயே!

தேர்வுக்கு உதவாவிட்டாலும், பாடம் புரிய வரைபடம் அவசியம். அதற்குத் தனிக் கருவி வேண்டாம். `டெஸ்மாஸ்', `ஜியோஜீப்ரா' என்ற இரண்டு செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலே பார்த்த அதே சமன்பாட்டை அதில் டைப் செய்து பாருங்கள். வளைகோடு, கிடைக்கோட்டை 2-க்குக் கொஞ்சம் வலப்பக்கம் வெட்டிக்கொண்டு போவது தெரியும். நாம் ஏன் 2-ல் ஆரம்பித்தோம் என்பது அப்போது விளங்கும்.

முதன்முறை பயன்படுத்துபவர்கள் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ் வர்க்கம் + 100 என்று கொடுத்தால் திரை காலியாக இருக்கும். செயலி கெட்டுவிடவில்லை. அந்தக் கோடு 100-க்கு மேலேதான் ஆரம்பிக்கிறது. திரையோ 10 வரைதான் காட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் சுருக்கிப் பார்த்தால் கோடு கண்ணில் படும். கிராஃபிங் கருவி எதுவானாலும் முதல் பாடம் இதுதான். காட்டும் எல்லையை நாம்தான் சொல்ல வேண்டும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு...

அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் கதை வேறு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் `டிஐ-84 பிளஸ்' 2004-ல் வந்தது. அந்த வரிசைதான் இன்றும் அங்கே வகுப்பறைகளில் கோலோச்சுகிறது. பள்ளி மாணவர்கள் எழுதும் `ஏபி கால்குலஸ்' தேர்வின் சில பகுதிகளுக்கு கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம். சிங்கப்பூரில் ஏ லெவல் ஹெச்2 கணிதத்துக்கும் அது தேவை. ஆனால் கணினியில் எழுதும் எஸ்ஏடி தேர்வில், டெஸ்மாஸ் கால்குலேட்டர் திரையிலேயே கொடுக்கப்படுகிறது.

அதனால், இங்கிருந்து கிளம்பும்போதே நூறு டாலருக்கு மேல் செலவழித்து வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் பாடத்திட்டத் தாள் கொடுப்பார். எந்தக் கருவிக்கு அனுமதி என்று அதில் இருக்கும். சில கல்லூரிக் கணிதத் தேர்வுகளில் எந்த கால்குலேட்டரும் கூடாது என்றும் சொல்வார்கள்.

இன்னொரு சுவாரஸ்யம்... அமெரிக்காவில் இன்ஜினீயர் உரிமத்துக்கான முதல்படித் தேர்வான `எஃப்ஈ' தேர்வில் கிராஃபிங் கால்குலேட்டருக்கு அனுமதியே இல்லை. அனுமதிக்கப்பட்ட சில மாடல்களின் பட்டியலில் நம்ம ஊர் கேசியோ 991 வரிசை இருக்கிறது!

எந்தத் தேர்வுக்கு எது கூடாது?

ஜேஇஇ, நீட் இரண்டுக்கும் கால்குலேட்டரே கூடாது. கேட் தேர்வில் சொந்தக் கருவிக்கு அனுமதி இல்லை. கணினித் திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் தட்டித்தான் கணக்குப் போட வேண்டும். பழகாவிட்டால் நேரம் பறந்துவிடும். எனவே கடைசி வருட மாணவர்கள் அதிலேயே பயிற்சி எடுப்பது நல்லது. சி.ஏ. தேர்வில் சயின்டிஃபிக் கால்குலேட்டர் கூடாது. 6 செயல்பாடு, 12 இலக்கம், இரண்டு மெமரி வரை உள்ள சாதாரணக் கருவிதான். வேலைக்கான ஆப்டிட்யூட் தேர்வுகள் பலவற்றிலும் கைக்கணக்குதான். அதனால் பள்ளியில் கற்ற பெருக்கல் வாய்ப்பாட்டை மறந்துவிடாதீர்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள்

* கால்குலேட்டரை ரீசெட் செய்துவிடுங்கள். எம்எஸ் மாடலில் ஷிஃப்ட், மோட், 3, சமக்குறி. இஎஸ் பிளஸில் ஷிஃப்ட், 9, 3, சமக்குறி. பழைய மோட், பழைய எண் எதுவும் மிஞ்சாது.

* ரீசெட்டுக்குப் பின் சைன் 30 சோதனை கட்டாயம்.

* திரையில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பேட்டரியை மாற்றுங்கள். `சோலார் இருக்கே' என்று அலட்சியம் வேண்டாம்.

* மூடியின் உள்பக்கம், பின்பக்கம் பென்சிலால் எழுதிய ஃபார்முலா, போன் நம்பர், கிறுக்கல் எதுவும் இருந்தால் அழித்துவிடுங்கள். நண்பர் விளையாட்டாக எழுதியதுகூட, தேர்வு அறையில் `பிட்' என்ற கணக்கில் சேர்ந்துவிடலாம்.

* இரவல் வாங்கலாம் என்று போகாதீர்கள். அறைக்குள் ஒருவர் கருவியை இன்னொருவருக்குக் கொடுப்பதை அனுமதிக்க மாட்டார்கள்.

* புது மாடலைத் தேர்வுக்கு முந்தைய நாள் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். விரலுக்குப் பழக ஒரு மாதமாவது வேண்டும்.

பழசு வாங்கலாமா?

தாராளமாக! கடைசி வருடம் முடித்துவிட்டுப் போகும் அண்ணன், அக்காக்களிடம் கேட்டுப் பாருங்கள். நன்றாக வைத்திருந்த கேசியோ பல வருடம் உழைக்கும். அண்ணன் பயன்படுத்தி, தங்கைக்கு வந்து, பிறகு சித்தப்பா மகனுக்குப் போன கால்குலேட்டர்கள் நம் வீடுகளில் ஏராளம். எண் அழிந்துபோன பட்டனும், பெயர் கீறிய மூடியுமாக இருந்தாலும் 69 ஃபேக்டோரியலுக்கு அது சொல்லும் விடை மாறாது. வீட்டுப் பரணிலோ, பழைய பையிலோ ஒன்று கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கூடவே அந்த அண்ணனிடமோ அக்காவிடமோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். `இதுகூடத் தெரியாதா?' என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். முதல் வாரத்தில் கேட்பவருக்கு ஒரு சிரிப்போடு போகும். கேட்காமல் விட்டவருக்கு அது அரியராக வரும்.

அந்த ஸ்டேஷனரி கடை மேஜையில் இன்னும் மூன்று டப்பாக்கள் இருக்கின்றன. இந்த முறை மகள் `தெரியலப்பா' என்று சொல்ல வேண்டியதில்லை. ``அண்ணா, நடுவுல இருக்கிற 991-ஐக் கொஞ்சம் கொடுங்க, போட்டுப் பார்க்கணும்'' என்று கேட்டு வாங்கி, சைன் 30 அடித்துப் பார்க்கலாம். திரையில் 0.5 வந்ததும் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சொல்லலாம்...

``இது போதும்ப்பா. பில் மட்டும் மறக்காம வாங்கிடுங்க!''